பிலவேந்திரன் வாசித்த பதினான்கு வரி

சவரிமுத்து இறந்தது பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி. அடக்கத் திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகத்தை வீட்டு ஆள் ஒருவர் வாசிப்பது அருளப்பபுரத்து வழக்கம். மகன் இருந்தால் மகன்தான் வாசிக்க வேண்டும். பிலவேந்திரன் ஒரே மகன், நாற்பத்தாறு வயது, எழுத்துக்கூட்டாமல் தமிழ் படிக்கத் தெரிந்தவன். ஆனால் அன்றைக்கு மைக் முன்னால் போய் நின்றது தங்கை புருசன் அமல்ராஜ். தேனியில் செல்போன் கடை வைத்திருக்கும் அமல்ராஜ், கடைக்கு ஆள் கூப்பிடுகிற அதே குரலில் கணீரென்று வாசித்துவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு இறங்கினான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிலவேந்திரனுக்கு அப்பா போன துக்கத்தைவிட அதுதான் அதிகமாக வலித்தது. அப்படி வலித்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். அவனுக்குத் திக்குவாய். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற வழியில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கிற அந்த ஊரில் அவனுக்குக் கொன்னவாய்ப் பிலவேந்திரன் என்றுதான் பெயர். வையும்போதும் அதுதான், பிரியமாகக் கூப்பிடும்போதும் அதுதான்.

திக்குவாய்க்காரனின் பாட்டைத் திக்காதவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. கம்பத்துக்கு பஸ் ஏறினால் அவன் கம்பம் என்று டிக்கெட் கேட்க மாட்டான். 'க' தொண்டையிலேயே நின்றுகொள்ளும். கண்டக்டர் முறைப்பார், பின்னால் நிற்கிறவன் சிரிப்பான். அதனால் அனுமந்தன்பட்டிக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி, மிச்ச தூரத்தை வெயிலில் நடப்பான். இருபது வருசமாக நடந்திருக்கிறான். மகளுக்கு எஸ்தர் என்று பெயர் வைத்ததும் அந்தப் பெயர் மட்டும்தான் வாயில் தடங்கலில்லாமல் வந்தது என்பதால். பொண்டாட்டி ஜெயமேரியை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'இந்தா' என்பதோடு சரி. மரியாதைக்காக அப்படிக் கூப்பிடுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பிலவேந்திரன் ஒரு முடிவுக்கு வந்தான். அடுத்த பிப்ரவரி பதின்மூன்றில், அப்பாவின் முதல் வருச நினைவுத் திருப்பலியில், அந்த வாசகத்தை அவனே வாசிக்க வேண்டும். வேறொருத்தன் வாயால் அப்பாவை ஒரு தடவை வழியனுப்பியது போதும்.

தன்னம்பிக்கை வளர்ப்பது எப்படி என்று பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் புத்தகம் தொங்கவிட்டு விற்கிறார்கள். அவன் ஒன்றையும் வாங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை கவாத்து, திராட்சைக் கொடியை அளவாக வெட்டிவிடுகிற வேலை. கவாத்து வெட்டுகிறவன் ஒரு ஏக்கர் பந்தலை அண்ணாந்து மொத்தமாகப் பார்த்தானென்றால் கைகால் ஓடாது. அவன் பார்ப்பது ஒரு கொடியை. அந்தக் கொடியில் நாலு கணு விட்டு ஒரு வெட்டு, அப்புறம் அடுத்த கொடி. பிலவேந்திரன் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டு வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்தான். பதினான்கு வரி. பென்சிலை எடுத்து மூன்று சொல்லுக்கு ஒரு கோடு, நாலு சொல்லுக்கு ஒரு கோடு என்று அதையும் வெட்டினான். கோடு வந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும், அடுத்த துண்டைப் பற்றி அதுவரை நினைக்கவே கூடாது. இதுதான் அவன் திட்டம். உரக்கடை காலண்டரில் மாதத்துக்கு ஒரு வேலை என்று எழுதியும் வைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் ஒதுங்கியதும் பந்தலுக்கு அடியில் தனியாக நின்றுகொண்டு, வெறும் கத்தரியை டக், டக் என்று அடிப்பான். ஒரு அடிக்கு ஒரு எழுத்து. தாளத்தோடு வந்தால் எழுத்து நிற்பதில்லை என்பதை அவனே கண்டுபிடித்தான். கத்தரியைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், பிறகு கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தட்டப் பழகினான். ரெண்டே மாதத்தில் பதினான்கு வரியும் தண்ணீராக வந்தது. ஆனால் தனியாக இருக்கும்போது எந்தத் திக்குவாயும் திக்குவதில்லை. எதிரில் ஒரு முகம் வந்து நிற்கும்போதுதான் சங்கதி.

அதனால் மூன்றாம் மாதத்திலிருந்து முகம் சேர்த்தான். முதல் முகம் சின்னக்கருப்பு. பக்கத்து ஊர்க்காரன், இருபது வருசமாக அவனோடு கவாத்து வெட்டுகிறவன்.

"ஏ மாப்ள, சாமிக்கிட்ட பேசுறதுக்கு இம்புட்டுப் பாடா?" என்றான் சின்னக்கருப்பு. "நாங்கள்லாம் சூடத்தைக் கொளுத்துனமா, கும்பிட்டமான்னு வந்துக்கிட்டே இருப்போம்."

"கே... கேளுய்யா. சும்மா உக்காந்து கேளு, அது போதும்."

சின்னக்கருப்பு பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டான். ஆறு மாதம் கேட்டான். அவனுக்கே வாசகம் பாதி மனப்பாடமாகிவிட்டது.

ஆகஸ்டில் டீக்கடையில் விரலைக் காட்டாமல் வாயால் டீ கேட்டான். அக்டோபர் மாதத்துக்கு உரிய வேலை, கம்பத்துக்கு டிக்கெட் வாங்குவது. முதல் ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை. அனுமந்தன்பட்டியில் இறங்கி, கம்பத்துக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பி நடந்தான். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாம் ஞாயிறு, கைலி மடிப்புக்குள் விரல் தட்டிக்கொண்டிருக்க, "கம்பம் ஒண்ணு" என்றான். கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கம்பத்தில் இறங்கிய பிலவேந்திரனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினான். அந்த ருசியில் ஒரு டீயை அவன் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

இதில் ஒன்றையும் அவன் ஜெயமேரியிடம் சொல்லவில்லை. தோற்றுப்போனால் அவள் பரிதாபப்படுவாள், அதை அவனால் தாங்க முடியாது. அது அவன் செய்த பெரிய தப்பு. ஏனென்றால் ஜெயமேரியும் அவனிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தாள். அமல்ராஜ் வாசித்த அன்றைக்குப் புருசன் முகம் போன போக்கை அவளும் பார்த்தவள்தான். அவன் திக்கு தீர வேண்டும் என்று, நவம்பரிலிருந்து பதின்மூன்று செவ்வாய்க்கிழமை விரதம் இருந்து அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்று நேர்ந்திருந்தாள்.

மற்ற ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தோணியாரின் கல்லறையைப் பல வருசம் கழித்துத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாம். ஞானோபதேசம் படிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். செவ்வாய் அவருடைய கிழமை. பதின்மூன்று அவருடைய தேதி. பிலவேந்திரன் குறித்து வைத்திருந்த அந்த பிப்ரவரி பதின்மூன்று செவ்வாய்க்கிழமையில்தான் வந்து விழுந்தது.

ஜனவரியில் அவன் கிளாரா டீச்சரிடம் போனான். தெருவுக் குடும்பங்கள் கூடி செபிக்கிற அன்பியத்தின் பொறுப்பு அவரிடம், யார் வாசிப்பது என்று முடிவு செய்கிறவர் அவர்.

"தப்பா எடுத்துக்கிறாதப்பா பிலவேந்திரா. கூட்டத்துக்கு முன்னாடி திக்குச்சுன்னா ஒனக்குத்தான அசிங்கம்?"

"நா... நான் வாசிச்சிருவேன் டீச்சர்."

"சரி. அமல்ராஜைப் பக்கத்துல நிப்பாட்டிக்கிருவோம். ஒரு பாதுகாப்புக்கு."

பிப்ரவரி பதின்மூன்று, சாயங்காலம் ஆறு மணித் திருப்பலி. செவ்வாய் என்பதால் அந்தோணியார் நவநாள் செபத்துக்கு வந்த கூட்டமும் சேர்ந்து கோயில் நிறைந்திருந்தது. பிலவேந்திரன் மைக் முன்னால் நின்றான். மூன்றடி தள்ளி அமல்ராஜ், ஓடிவந்து பிடிக்கிறவன் மாதிரி நின்றான். பிலவேந்திரன் வேட்டி மடிப்பில் விரலைத் தட்டினான். முதல் துண்டு வந்தது. மூச்சு. இரண்டாவது துண்டு. ஒன்பதாம் வரியில் 'கடவுள்' வந்தபோது தொண்டை பூட்டப் பார்த்தது. அதற்கும் அவன் தயாராகத்தான் இருந்தான். நின்றான், ஒரு துண்டு பின்னால் போய் எடுத்தான், தாண்டினான். கேட்டவர்கள் அதைத் துக்கம் தொண்டையை அடைத்தது என்று எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு வரி முடிந்தது. பிலவேந்திரன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக ஒரு நொடி இருந்ததில்லை. ஒரு நொடிதான் இருந்தது.

"அந்தோணியாரே!" என்று ஒரு அலறல். ஜெயமேரி பெண்கள் பக்கத்திலிருந்து ஓடிப்போய் அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் விழுந்தாள். "எம் புருசனுக்கு நாக்கைக் குடுத்திட்டீகளே சாமி! பதிமூணாவது செவ்வாயில குடுத்திட்டீகளே!"

அவ்வளவுதான். தேதி பதின்மூன்று, கிழமை செவ்வாய், விசயம் நாக்கு. மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்த பிறகு அந்த ஊரில் வேறு விசாரணை கிடையாது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆம்பளைகள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சவரிமுத்துவின் நினைவு நாள் என்பது யாருக்கும் நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிலவேந்திரன் ஜெராக்ஸ் தாளையும் உரக்கடை காலண்டரையும் ஜெயமேரி முன்னால் விரித்து வைத்தான். பென்சில் கோடுகளைக் காட்டினான். ஆகஸ்டு என்றான், அக்டோபர் என்றான். அவசரத்தில் எல்லாம் திக்கியது. ஜெயமேரி ஒவ்வொரு கோட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. புரிந்துகொண்டாள் என்று அவன் நினைத்தான்.

"இம்புட்டு ஆசை வச்சிருந்தீகளா? அதனாலதான் அவரு எரங்கிட்டாரு" என்று அவள் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் அந்தத் தாள் கோயிலில், சுரூபத்துக்குக் கீழே இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அவனிடம் இருந்த ஒரே சாட்சியம் அது. இப்போது வருகிறவர்களெல்லாம் அந்தக் கண்ணாடியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார்கள்.

பங்குச்சாமி ஜான் பீட்டர் அடிகள் நல்ல மனுசர், பேச்சைப் பாதியில் வெட்டாதவர். பிலவேந்திரன் அவரிடம் போய் அரை மணி நேரம் திக்கித் திக்கி நடந்ததையெல்லாம் சொன்னான். அவர் முழுதும் கேட்டார்.

"நீங்க பழகுனீங்க, சரி. ஒரு வருசம் விடாமப் பழகணும்கிற வைராக்கியத்தை ஒங்களுக்குக் குடுத்தது யாரு?" என்று அன்பாகக் கேட்டார்.

அதற்குப் பிலவேந்திரனிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்காது. அந்தக் கேள்வியின் அமைப்பே அப்படி.

இதற்குள் சேதி கெங்குவார்பட்டி வரைக்கும் போய்விட்டது. குமுளியிலிருந்து ஒரு மலையாளிக் குடும்பம் ஜீப் வைத்துக்கொண்டு வந்து அவன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தது. அவன் சும்மா பேசும்போது பழையபடி திக்கத்தான் செய்தது. திட்டம் போட்டுப் பழகியது பதினான்கு வரியும் சில டிக்கெட்டுகளும்தானே, மொத்தப் பேச்சுமா? ஆனால் அந்தோணியாரிடம் புதுமை, அதாவது அற்புதம், பெற்றவன் திக்கினால் ஊர் சும்மா விடுமா? என்னப்பா பாவம் செய்தாய், பாவசங்கீர்த்தனம் செய்தாயா, குடித்தாயா என்று நேருக்கு நேர் கேட்டார்கள். முன்பு சிரித்தவர்கள் இப்போது விசாரித்தார்கள். சிரித்ததே தேவலாம் என்றிருந்தது.

"நானாப் பழகுனேன்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீக" என்று ஜெயமேரி கையெடுத்துக் கும்பிட்டாள். "குடுத்தவரு திருப்பி எடுத்துக்கிட்டா என்ன செய்வீக?"

அந்தப் பேச்சு அவனுக்குள் புகுந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. ஒரு நாள் பந்தலுக்கு அடியில் நின்று அதே வாசகத்தைச் சொல்லிப் பார்த்தபோது மூன்றாம் துண்டிலேயே நின்றது. ஒருவேளை அவர்தான் கொடுத்தாரோ, நான் வெறும் வாய்தானோ என்று முதல்முறையாகத் தோன்றியது. ஒரு வருசம் கணுக்கணுவாக வளர்த்த நம்பிக்கையைப் பாசத்தாலேயே பிடுங்கிவிட்டார்கள். ஏப்ரலில் ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டர் கையை நீட்டியதும், அனுமந்தன்பட்டி என்றான்.

நடந்து கம்பம் போய்ச் சேர்வதற்குள் அவனுக்குத் தன் மேலேயே கோபம் வந்துவிட்டது. வீடு திரும்பியதும் காலண்டரை எடுத்தான். ஜூன் பதின்மூன்று அந்தோணியார் திருவிழா. அன்றைக்கு அவன் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஊர் ஏற்கெனவே கேட்டிருந்தது. சொல்கிறேன், ஆனால் உண்மையைச் சொல்கிறேன் என்று தீர்மானித்தான். உண்மையைப் பத்துப் பன்னிரண்டு வாக்கியமாக எழுதினான், வெட்டினான், விரல் தட்டிப் பழகினான். கேட்க ஒரு முகம் வேண்டுமே என்று சின்னக்கருப்பைத் தேடினான். சின்னக்கருப்பே அவனைத் தேடி வந்தான், கையில் மெழுகுதிரியோடு.

"முட்டி வலி தாங்கல மாப்ள. ஒங் கையால ஒரு திரி பொருத்தி வையி."

"நீ... நீயுமாய்யா? அங்கன பந்தலுக்கு அடியில உக்காந்து ஆறு மாசம் கே... கேட்டவன் நீதான?"

"கேட்டேன், இல்லைங்கல. ஆனா பொறந்ததுல இருந்து திக்குன வாயி, நான் பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்து கேட்டதுக்கா சரியாப் போச்சு?"

பிலவேந்திரன் திரியை வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்ய? மிச்ச நாளைத் தனியாகவே பழகினான்.

திருவிழாத் திருப்பலி முடிந்து, கோயில் வாசலில் பந்தலும் சனமும் நிறைந்திருந்த நேரத்தில் அவனை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். அமல்ராஜ் முன்னால் வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பிலவேந்திரன் விரலைத் தட்டினான்.

"நான் பிலவேந்திரன். அந்தோணியாரை நான் கும்பிடுறேன். ஆனா எனக்கு நடந்தது புதுமை இல்ல. ஒரு வருசம் தெனமும் திராட்சைப் பந்தலுக்கு அடியில நின்னு பழகுனேன். வாசகத்தை மூணு மூணு சொல்லா வெட்டி, விரலைத் தட்டிப் பழகுனேன். டீக்கடையில பழகுனேன். பஸ்ஸுல பழகுனேன். ரெண்டு வாரம் தோத்தேன். நாலாவது வேலையா இந்த மைக்குக்கு வந்தேன். இதை நான் செஞ்சேன். யாரும் செய்யலாம். திக்குற பிள்ளைக ஒங்க வீட்டுல இருந்தா எங்கிட்ட அனுப்புங்க. நான் சொல்லித் தர்றேன்."

ஒரு இடத்திலும் திக்கவில்லை. 'க'வில் திக்கவில்லை, 'ப'வில் திக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு அழகாகப் பேசியதில்லை.

 கூட்டத்தில் கைதட்டல், குலவை. "ஒரு எடத்துலயாச்சும் நின்னுச்சா பாத்தியா? மணி அடிச்ச மாதிரி!" என்று ஒருவர் அழுதார். "தனக்குத்தான் குடுத்தாகன்னு பெருமை பேசலையே, என்ன தாழ்ச்சி!" என்றார் கிளாரா டீச்சர். அவன் என்ன சொன்னான் என்பது ஒரு காதிலும் ஏறவில்லை. எவ்வளவு தெளிவாகச் சொன்னானோ அவ்வளவுக்கு அது புதுமையானது. அமல்ராஜ் பதிவை நிறுத்தி, 'ஊமை பேசினார்' என்று தலைப்புப் போட்டு அங்கேயே வாட்சப்பில் அனுப்பினான்.

பிலவேந்திரன் இறங்கி வேப்பமரத்துப் பக்கம் போனான். அங்கே ஒரு பொம்பளை காத்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தபடி பத்து வயசுப் பெண் பிள்ளை.

"அண்ணே, நான் சந்தனம்மாள். கடமலைக்குண்டுல இருந்து வர்றோம். இது எம் மக. பேசவே மாட்டேங்குது, வாயைத் தொறந்தா திக்குது. பள்ளிக்கூடத்துல எல்லாம் சிரிக்குதுகளாம்."

அந்தப் பிள்ளை உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றது. அந்த வாயை அவனுக்குத் தெரியும். நாற்பது வருசம் முன்னால் கண்ணாடியில் பார்த்த வாய். நான் சொன்னதைக் கேட்டு வந்த ஒரே ஆள் என்று அவனுக்கு மனசு பொங்கியது. குத்தவைத்து உட்கார்ந்தான்.

"ஒம் பேரென்ன தாயி?"

"தி... தி... தி..."

"அவசரமில்ல. இந்தா, இப்பிடி கட்டைவிரலை இந்த விரல்ல தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு எழுத்து. நானும் தட்டுறேன்."

பிள்ளை தட்டியது. முகத்தைப் பார்க்காமல் அவன் விரலையே பார்த்துக்கொண்டு தட்டியது. "தி. ரி. ஷா." நிமிர்ந்து பார்த்து இன்னொரு தடவை சொன்னது. "திரி. ஷா." அதன் கண் அகன்றுவிட்டது. பிலவேந்திரன் இன்னொரு தடவை தட்டக் கையைத் தூக்கினான்.

"ஐயா அந்தோணியாரே!" என்று சந்தனம்மாள் கத்தினாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடினாள். சுற்றி நின்றவர்கள் குலவை போட்டபடி பின்னால் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில், விழுந்து கும்பிட்டதில் நெற்றி நிறைய ஒட்டிய மண்ணோடு திரும்பி வந்து அவனைக் கும்பிட்டாள்.

"வர்றோம்ணே. ரெண்டு பஸ்ஸு மாறணும்."

"இரு... இருங்கம்மா. இது ஒ... ஒரு நாள்ல வராது. தெ... தெனமும்... ஒரு வ... வ..." இதை அவன் பழகியிருக்கவில்லை.

"போதும்ணே, நீங்க செரமப்படாதீக. கேட்டதைக் குடுத்திட்டாரு, வேறென்ன வேணும்?"

பிள்ளை அவனைத் திரும்பிப் பார்த்தது. வலது கைக் கட்டைவிரல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. சந்தனம்மாள் அந்தக் கையைத்தான் இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ரோட்டுக்கு அவன் ஓடி வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நாளைக் காலையில் வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிடுவார். அந்தப் பிள்ளைக்கு மறுபடி திக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்கப் போவது, நீ என்னடி பாவம் பண்ணினாய் என்று. பத்து வயசுப் பிள்ளை, யோசித்துப் பார்த்து, எதையாவது ஒன்றை ஒப்புக்கொள்ளும்.